அஞ்சலை துடைத்த பியானோ

நான் மதராஸில் தட்டச்சு செய்கிறேன் என்றுதான் எங்கள் வீட்டில் நம்பினார்கள். மல்லாட்டை என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் நிலக்கடலைக்குச் செஞ்சியில் மண்டி வைத்திருந்த சமண நைனார் குடும்பம் எங்களுடையது. பட்டணத்தில் ஓர் இசைக்கருவிக் கடையில் எனக்கு வேலை கிடைத்தபோது, கடை என்றால் கடிதம், கடிதம் என்றால் தட்டச்சு என்று நைனா தாமாகவே முடிவுசெய்துகொண்டார். நான் ஊருக்குத் தூக்கிவந்த கனமான தோல்பைக்குள் இருப்பது தட்டச்சுப் பொறி என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அதில் இருந்தவை பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் சாவி, ரப்பர் ஆப்புகள், கம்பளித் துண்டுகள், இடுக்கிகள். நான் திருத்தவில்லை. பியானோவின் அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்யும் பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் வரன் தேடுவது எவ்வளவு கடினம் என்பதை அவர்களைவிட நான் நன்றாக அறிந்திருந்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. உங்களில் ஒருவர் எழுதிய அறிக்கையைச் சென்ற மாதம் எனக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அழகான கையெழுத்து. கடைசி வரி இது: "காரணம்: வாடிக்கையாளர் தரப்புப் பராமரிப்புக் குறை." நான்கே சொற்கள். யாருடைய குறை? எந்தக் குறை? நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? ஒவ்வொரு பியானோவையும் தினமும் துடைக்கிற ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறார். உங்கள் நான்கு சொற்களும் உங்கள் கையெழுத்தைத் தாண்டி, வீட்டு எசமானரையும் தாண்டி, நேராக அவர் தலையில்தான் போய் விழுகின்றன. வயதானால் கோபம் தணியும் என்பார்கள். எனக்குத் தணியவில்லை. சுருதி சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அறுபதுகளின் நடுப்பகுதி. செஞ்சியின் ஓரத்தில் பெண்களுக்கான ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தன் கிராண்ட் பியானோவை அந்தப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. கூடத்தின் மேற்குச் சன்னலைத் திறந்தால் கோட்டை மலையின் பாறைச் சூடு நேராக உள்ளே வரும். அத்தகைய இடத்தில் ஒரு பியானோ உயிரோடு இருந்ததே பெரிய விஷயம். எனக்கு அது சொந்த ஊர், தங்க வீடு உண்டு என்பதால் அந்த மாசி மாதத்தில் கடை என்னைத் தனியாக அனுப்பியது. நான் தனியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கிளம்புமுன் தம் வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னார். "பொம்பளைங்க பியானோவுக்குள்ள குனிஞ்சா பாதி நகைக்கடை உள்ள விழும். வளையல், சங்கிலி, கொண்டை ஊசி எல்லாத்தையும் கழட்டி, எண்ணி வை. முடிஞ்சதும் எண்ணி எடு."

சட்டைப் பையில் இரண்டு பேனாவும் ஒரு பென்சிலும் செருகிக்கொண்டு தினமும் குனியும் ஆண்களிடம் அவர் இதைச் சொன்னதே இல்லை. அதனால் எனக்கு ரோஷம். வளையலையும் சங்கிலியையும் கழற்றினேன். கொண்டை ஊசிகளைக் கழற்றவில்லை. கழற்றினால் முடி அவிழ்ந்து கண்ணில் விழும் என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். சுருதி சேர்ப்பதற்கு முன், தந்திகளுக்கு அடியில் மெல்லிய எஃகுப் பட்டையை விட்டு ஒலிப்பலகை முழுவதும் துழாவித் தூசியை எடுத்தேன். பிறகு ஒரு நாள் முழுக்க அதற்குள் குனிந்து வேலை செய்தேன். "உள்ளே வேறு பொருள் எதுவும் இல்லை" என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டேன். விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். எதையும் எண்ணவில்லை.

பங்குனிக் கடைசியில் தலைமையாசிரியையிடமிருந்து கடைக்குக் கடிதம் வந்தது. நான் வந்துபோன சில நாட்களிலேயே பியானோ இரைய ஆரம்பித்துவிட்டதாம். முதலில் ஒரு கட்டையில், பிறகு பக்கத்துக் கட்டையில், சில நாள் இரைச்சலே இல்லை, மறுநாள் மீண்டும். அந்த வாரம் ஆண்டு விழா. நிர்வாகக் குழுவினர் வருகிறார்கள். கடிதத்தின் முடிவில் ஒரு வரி: "துடைக்கும் பணிப்பெண்ணின் அலட்சியமே காரணம் என்று அறிகிறோம். விழா முடிந்ததும் அவளை நிறுத்திவிட ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது."

பியானோவைத் திறந்து பார்க்குமுன்பே காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கடை மீண்டும் என்னையே செஞ்சிக்கு அனுப்பியது. அந்தப் பணிப்பெண்ணின் பெயர் அஞ்சலை. முப்பது வயதிருக்கும். சிங்கவரத்திலிருந்து விடிந்ததும் நடந்து வந்து, பள்ளி முழுவதையும் கூட்டி, பியானோவைத் துடைப்பாள். பணியாளரின் பிள்ளை என்ற சலுகையில் அவளுடைய மகள் அதே பள்ளியில் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். தாய்க்கு வேலை போனால் மகளுக்குப் படிப்பும் போகும். அவள் செய்த குற்றம் என்னவென்று விசாரித்தேன். துடைக்கும்போது கட்டைகளை அழுத்திச் சத்தம் எழுப்பினாளாம். சத்தம் வராமல் பியானோக் கட்டையைத் துடைப்பது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தலைமையாசிரியைக்கும் தெரிந்திருக்க முடியாது.

இரைச்சலைத் தேட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கட்டையை அழுத்திக்கொண்டே இருக்க, மற்றவர் அறை முழுவதும் நடந்து ஒவ்வொரு பொருளாகக் கை வைத்துப் பார்க்கவேண்டும். விழா வேலையில் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் இருந்தவள் அஞ்சலை மட்டும்தான். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு தூரமாக நின்றாள்.

"இந்தக் கட்டையைக் கொஞ்சம் அழுத்திக்கிட்டே இருக்கியா?" என்றேன்.

"நான் தொடமாட்டேம்மா. தொட்டதுக்குத்தான் இம்மாம் பேச்சு."

"நான் சொல்லித்தானே தொடுறே. யாராவது கேட்டா என் மேல போடு."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. அப்பால என் தலையிலதான வந்து வுழுது." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ மண்டிக்கார நைனாரு வூட்டுப் பொண்ணுதான? டைப்பு அடிக்கிறன்னு சொன்னாங்க?"

"அதுவும் அடிப்பேன்," என்றேன்.

"நல்லாத்தான் அடிக்கிற," என்று பியானோவைப் பார்த்துச் சொன்னாள். பிறகு முந்தானையைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு, கொதிக்கும் பாத்திரத்தைத் தொடுகிறவளைப்போல் கட்டையை அழுத்தினாள். இரைச்சல் எழுந்தது. நான் கண்ணாடி அலமாரியைத் தொட்டேன். சன்னல் கதவுகளைத் தொட்டேன். பள்ளியை நிறுவியவரின் பெரிய படத்தின் மேல் உள்ளங்கையை வைத்ததும் இரைச்சல் குறைந்தது. சட்டத்துக்குள் கண்ணாடி தளர்ந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். புத்தகத்தில் படித்தபடியே நடக்கிறது!

"நின்னுடுச்சு," என்றேன்.

"நிக்கலம்மா. கொறஞ்சுது. படத்துல ஒண்ணு கத்துது, பொட்டிக்குள்ள ஒண்ணு கத்துது. படத்துது கண்ணாடிச் சத்தம். உள்ளாற இருக்குறது சுவத்துக்கோழி கணக்கா இருக்குது. ரெண்டும் வேற."

ஒரு மாதமாகத் தினமும் அந்தக் கட்டைகளைத் துடைத்து, தினமும் அந்தச் சத்தத்துக்காக வசவு வாங்கியவள் சொல்கிறாள். பயிற்சி பெற்ற காது எனக்கு. நான் நம்பவில்லை. படத்தின் பின்னால் அட்டை செருகிவிட்டுத் தலைமையாசிரியையை அழைத்து, இரைச்சல் பியானோவில் இல்லை, படத்தில் இருந்தது என்று விளக்கினேன். அவர் உட்கார்ந்து வாசித்தார். நான்காவது வரியில் சுவர்க்கோழி கத்தியது.

"சொன்னேன்ல?" என்றாள் அஞ்சலை. எனக்கு மட்டும் கேட்கும்படி.

மூடியின் கீல்களைப் பார்த்தேன். கால்மிதிகளைப் பார்த்தேன். அடியில் படுத்து ஒலிப்பலகையின் விலாக்கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். கடைசியில், முதலிலேயே செய்திருக்கவேண்டியதைச் செய்தேன். எஃகுப் பட்டையின் நுனியில் துணியைச் சுற்றி, வார்ப்பிரும்புச் சட்டத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் விட்டுத் துழாவினேன். ஏதோ தட்டுப்பட்டது. மெல்ல இழுத்தேன். ஒரு கொண்டை ஊசி. வாசிக்க வாசிக்க அதிர்வில் அது ஊர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. இன்று ஒரு கட்டைக்குப் பதில் சொல்லும், நாளை இன்னொன்றுக்கு. மர்மமெல்லாம் அவ்வளவுதான்.

"பார்த்தீங்களா!" என்றார் தலைமையாசிரியை. "நான் சொன்னேன் இல்லையா? மேல சாஞ்சுக்கிட்டுத் துடைப்பா. எத்தனை தடவை சொல்றது?"

அஞ்சலை முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். அவள் தலையில் அரை விரற்கடை அளவுக்குத்தான் முடி முளைத்திருந்தது.

"டீச்சரம்மா, மாசியில மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு மலையனூரு கோயிலுக்குப் போயி முடி குடுத்துட்டு வந்தேன். மூணு நாளு லீவு கேட்டேன், நீங்கதான் குடுத்தீங்க. இவங்க மொதல்ல வந்தது அதுக்கு அப்பால. ஊசிய நான் எங்க குத்துறது, மண்டையிலயா?"

தலைமையாசிரியை ஒரு கணம்தான் தடுமாறினார். "அப்போ முடி எடுக்கிறதுக்கு முன்னாடி விழுந்திருக்கும்."

அந்த வாதத்தை உடைக்கக்கூடிய ஒரே சான்று அவர் அலமாரியில் இருந்த என் பழைய அறிக்கை. அஞ்சலை மொட்டையடித்து வந்த பிறகு நான் உள்ளே துழாவிச் சுத்தம் செய்திருக்கிறேன். "வேறு பொருள் எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். அதன் பிறகு தந்திகளை மூடும் மேல்மூடி பூட்டியே இருந்தது, சாவி தலைமையாசிரியையிடம்தான். அப்படியானால் அந்த ஊசி ஒரே ஒருத்தியின் தலையிலிருந்துதான் விழுந்திருக்க முடியும். அறிக்கைகூட வேண்டியதில்லை. வளைவில் கறுப்பு மெருகு உரிந்திருந்த அந்த ஊசியை எனக்கு நன்றாகத் தெரியும். மதராஸில் நான் வாங்கிய நான்கில் அது ஒன்று. அன்று என் கொண்டையில் மூன்று இருந்தன.

அஞ்சலை என் கொண்டையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. இதை நான் மழுப்பாமல் எழுதவேண்டும். "அறிக்கையில் எழுதித் தருகிறேன்" என்று முணுமுணுத்துவிட்டு, ஊசியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, வெயிலில் தபால் நிலையத்துக்கு நடந்தேன். சொந்த ஊர். தனியாகச் செய்த முதல் வேலை. வீட்டில் சொல்லாத தொழில். மூன்றும் சேர்ந்து என் வாயை அடைத்தன. என்னைக் காத்துக்கொள்ள எனக்கு மூன்று காரணங்கள் இருந்தன. அஞ்சலைக்கு இருந்தது ஒரு மகள்.

மதராஸுக்கு டிரங்க் கால் பதிவுசெய்து காத்திருந்தேன். மணியார்டர் வரிசையில் பாதி ஊர் நின்றது. இணைப்புக் கிடைத்ததும், எனக்குக் கற்றுக்கொடுத்தவரிடம் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன்: "ஊசி என்னோடது சார்."

"என்ன? கேக்கலை. சத்தமாப் பேசும்மா!"

"உள்ள கிடந்தது என் கொண்டை ஊசி!"

"யாரோட ஊசி?"

"என்னோட ஊசி சார்! என் தலையிலேருந்து விழுந்தது! நான்தான் எண்ணாம விட்டேன்!"

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. லைனின் இரைச்சல் சற்றுக் குறைந்தது. பிறகு அவர் நிதானமாகச் சொன்னார்: "பராமரிப்பின்போது விழுந்த பொருள்னு எழுதிடு. யாரோடதுன்னு கேட்டாத் தெரியாதுன்னு சொல்லு. கடை பேரு முக்கியம். அந்தப் பொம்பளைக்கு வேற வேலை கிடைக்கும்."

ஒரு நூலிழை தளர்ந்தாலும் எந்தத் தந்தி என்று அடுத்த அறையிலிருந்து சொல்லிவிடுகிற காது அவருடையது. எனக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவர் வாயிலிருந்து இதைக் கேட்டபோது எனக்கு ஆத்திரம் வந்தது. வேறு வேலை கிடைக்குமாம். சிங்கவரம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பங்குனி வெயிலில் அங்கே என்ன வேலை கிடைக்கும் என்றும் தெரியாது. ஆனால் அவருக்கு ஒரு நன்றியும் சொல்லவேண்டும். லைன் சரியில்லாததால் அதே வாக்கியத்தை அவர் என்னை மூன்று முறை சொல்லவைத்தார். முதல் முறை வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன். மூன்றாம் முறை சொல்லி முடித்தபோது, இது சொல்லக்கூடிய விஷயம்தான் என்று தெரிந்துவிட்டது.

பள்ளிக்குத் திரும்பி நான்காம் முறை சொன்னேன். தலைமையாசிரியை கேட்டுக்கொண்டார். உங்களுக்கு நான் சொல்லவந்த இடம் இதுதான், கவனியுங்கள். உண்மை தெரிந்தால் பழி தானாக இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. "அதனால என்ன? ஈரத்துணியால துடைச்சது உண்மைதானே? சொன்னா எதிர்த்துப் பேசுறது உண்மைதானே?" என்றார். ஏற்கெனவே முடிவாகிவிட்ட தண்டனைக்குப் புதுக் குற்றம் தேடிக்கொண்டிருந்தார். அவரை நான் அரக்கியாகக் காட்ட விரும்பவில்லை. பள்ளியில் ஒரு சன்னல் கொக்கி உடைந்தாலும் நிர்வாகக் குழுவின் முன் நின்று பதில் சொல்லவேண்டியவர் அவர். பயந்த மனுஷி. தம் பயத்தை இறக்கிவைக்கத் தமக்குக் கீழே ஒரு தலையைத் தேடியவர். அந்தத் தலையில் முடிகூட இல்லை.

நான் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். "இரைச்சலின் காரணம்: முந்தைய வருகையின்போது தொழில்நுட்பப் பணியாளரின் தலையிலிருந்து விழுந்த கொண்டை ஊசி. பியானோவைத் துடைக்கும் அஞ்சலைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவர் உலர்ந்த துணியால் சரியாகவே துடைத்து வந்திருக்கிறார். கட்டைகளில் ஈரம் பட்ட அடையாளம் எதுவும் காணப்படவில்லை."

படித்துவிட்டு நிமிர்ந்தார். "வேலைக்காரங்க பேரெல்லாம் ரிப்போர்ட்ல எதுக்கு? வேற எழுதிக் குடுங்க."

"பழி போட்டப்போ பேர் சொல்லித்தானே போட்டீங்க?"

"நாளைக்குக் குழு முன்னாடி இதை நான் எப்படி வைக்கிறது?"

"வைக்காட்டியும் பரவாயில்லைங்க. கார்பன் வெச்சு எழுதியிருக்கேன். ஒண்ணு மதராஸுக்குப் போகுது, இன்னொண்ணைக் குழுவுக்கு நானே தபால்ல போட்டுடறேன். அஞ்சலையை நிறுத்தினா ஏன்னு அவங்க உங்களைத்தான் கேப்பாங்க."

அறிக்கையை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு கையெழுத்திட்டார். அஞ்சலை நிறுத்தப்படவில்லை. அவளிடம் யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. என்னைத் தவிர.

கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். சொன்னேன். திரும்பாமலே பதில் வந்தது.

"எனக்குத்தான் அப்பவே தெரியுமே. உன் கொண்டையப் பாத்தேன். நீயா வாயத் தொறக்கிறியான்னு பாத்துக்கினு இருந்தேன்."

"ஏன் அங்கேயே சொல்லல?"

"இன்னான்னு சொல்லுவேன்? நைனாரு வூட்டுப் பொண்ணு ஊசின்னா? நான் சொன்னா எவ நம்புவா?" துணியை உதறினாள். "ஒரு மாசமா திருடி கணக்கா நின்னேன். இப்ப இல்லன்னு ஆயிடுச்சு. அதுக்கு உனக்குக் கும்புடு போடுவேன்னு நெனைக்காத."

"நெனைக்கல."

"அப்ப சரி. போ, வெயிலு."

பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிடும் வீடு எங்களுடையது. நான் போவதற்குள் தபால் நிலையச் செய்தி போயிருந்தது. இலை போட்டு எனக்காகக் காத்திருந்த நைனா தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"தபாலாபீஸுல கத்துனியாமே?"

"ஆமா நைனா."

"டைப்புன்னு சொன்ன."

"நான் சொல்லலை. நீங்கதான் சொல்லிக்கிட்டீங்க."

இலையில் தண்ணீர் தெளித்தார். "அந்தப் பொம்பளைக்கு வேலை போவலியே?"

"போகலை."

"சாப்டு. பொழுது சாயுது," என்றார். அதன் பிறகு என் தொழிலைப் பற்றி அவர் பேசியது அபூர்வம். ஆனால் என் பையைத் தட்டச்சுப் பொறி என்று யாராவது சொன்னால் திருத்தினார்.

மதராஸ் திரும்பியதும் என்னை வெளிவேலையிலிருந்து நீக்கினார்கள். கடை பெயரைக் கெடுத்துவிட்டேனாம். பதினோரு மாதம் ஒரு மூலையில் உட்காரவைத்துக் கடிதங்கள் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். வீட்டில் நம்பியது அப்படித்தான் உண்மையாயிற்று, வீட்டில் யாரும் அதை நம்பாத காலத்தில். அந்தப் பதினோரு மாதமும் மற்றவர்களின் அறிக்கைகளைத்தான் அடித்தேன். "பராமரிப்புக் குறை", "கவனக்குறைவான கையாளுதல்". ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு மொட்டைத் தலை கண்ணில் தெரிந்தது. பன்னிரண்டாம் மாதம், கற்றுக்கொடுத்தவர் வந்து என் மேசையில் எஃகுப் பட்டையை வைத்துவிட்டுப் போனார். நான் எழுந்துகொண்டேன். அதற்குப் பின் அவர் புதிதாக வந்த ஆண்களிடமும் பேனாவை எண்ணச் சொன்னார் என்பதையும் நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை உங்கள் பேனா "வாடிக்கையாளர் தரப்பு" என்று எழுதத் தொடங்கும்போது நிறுத்துங்கள். கருவியைத் துடைக்கிறவரை அழையுங்கள். ஒரு கட்டையை அழுத்தச் சொல்லிக் கேளுங்கள். அவருக்கு உங்களைவிட நன்றாகக் கேட்டிருக்கும். பிறகு உங்கள் பையைக் கவிழ்த்து எண்ணுங்கள். அதன் பிறகும் எழுதத் தோன்றினால், அந்த மனிதரின் பெயரைக் கேட்டு, அவர் முகத்தைப் பார்த்து, அவர் எதிரிலேயே எழுதுங்கள். அந்த நான்கு சொற்களை அப்படி எழுத உங்களால் முடிகிறதா என்று பார்ப்போம்.

அந்தப் பள்ளியில் இப்போது பியானோ இல்லை. தலைமையாசிரியை காலமாகிவிட்டார். கற்றுக்கொடுத்தவரும் போய்விட்டார், நைனாவும் போய்விட்டார். ஊசி என் பையில் இருக்கிறது. அன்று அந்தக் கூடத்தில் நின்ற மூவரில் இருவர் இருக்கிறோம். நான் இங்கே. அஞ்சலை சிங்கவரத்தில், ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற மகளுடன்.